அடைக்கோழியா, பல்புப் பெட்டியா, தானியங்கி இன்குபேட்டரா? வீட்டில் குஞ்சு பொரிக்க எது பொருந்தும்

நாட்டுக்கோழி வளர்க்கிற வீட்டில் பத்துப் பதினைந்து முட்டை சேர்ந்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும். கடையில் விசாரித்தால் 50 முட்டை பிடிக்கும் தானியங்கி எந்திரத்தைக் காட்டுவார்கள். யூடியூபில் தேடினால் தெர்மோகோல் பெட்டியும் குண்டு பல்பும் போதும் என்பார்கள். வீட்டுப் பெரியவர்களோ, கோழியை அடை உட்கார வைத்தால் வேலை முடிந்தது என்பார்கள். மூன்றிலும் குஞ்சு வரும். ஆனால் பெரும்பாலானவர்கள் எந்திரத்தின் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது அதுவல்ல. மாதம் எத்தனை முட்டை சேர்கிறது, எந்திரம் வைக்கப்போகிற அறை மே மாதத்தில் எவ்வளவு கொதிக்கும், பகலில் வீட்டில் ஆள் இருக்கிறதா என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எது பொருந்தும் என்பதும் தெரிந்துவிடும்.

முட்டை சரியில்லை என்றால் எதில் வைத்தும் பயனில்லை

ஒப்பீட்டுக்குள் போகும் முன் ஒரு விஷயம். பொரிப்பு குறைந்தால் எல்லோரும் எந்திரத்தைத்தான் குறை சொல்கிறார்கள். பல நேரம் கோளாறு அடை வைப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும். சேவலைப் பிரித்த பிறகும் பத்து நாள் வரை கருக்கூடிய முட்டை கிடைக்கும். அதன் பிறகு கூமுட்டைதான் அதிகம். கடையில் விற்கும் வெள்ளை முட்டை சேவலே இல்லாத கூண்டுப் பண்ணையில் இட்டது, அதை வைத்துப் பயனில்லை.

சேமிப்பில்தான் நம்மூரில் பெரிய இழப்பு. முட்டையை 15 முதல் 18 டிகிரி செல்சியஸில், கூர் முனை கீழே இருக்கும்படி வைத்தால் ஏழு நாள் தாங்கும். கோடையில் நம் வீட்டு அடுக்களை 34, 35 டிகிரியில் இருக்கிறது. சுமார் 24 டிகிரிக்கு மேல் போனாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். வளர்ந்தும் வளராமலும் மூன்று நான்கு நாள் கிடந்து செத்துப்போகும். அந்த முட்டையை ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு வளையம் தெரியும். பலர் அதைப் பார்த்துவிட்டு எந்திரத்தின் சூடு சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஈர மணலில் பாதி புதைத்த மண்பானையில், மேலே பருத்தித் துணி கட்டி முட்டை சேர்ப்பது கரூர், ஈரோடு, சேலம் போன்ற காய்ந்த ஊர்களில் நன்றாகவே வேலை செய்யும், பானை பல டிகிரி குளிரும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் காற்றே ஈரமாக இருப்பதால் பானை அவ்வளவாகக் குளிராது. அங்கே கோடையில் மூன்று நான்கு நாள் முட்டைக்கு மேல் சேர்க்காமல் வைத்துவிடுவது நல்லது. ஃப்ரிட்ஜின் உள்தட்டு 4 டிகிரி. அது சாப்பிடுகிற முட்டைக்கு மட்டும்தான். அழுக்கு முட்டையைத் தண்ணீரில் கழுவாதீர்கள், ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்க் கிருமி உள்ளே இறங்கும். காய்ந்த துணியால் துடைக்க வராத அழுக்கு என்றால் அந்த முட்டை குழம்புக்குப் போகட்டும்.

அடைக்கோழி: இலவசம் மாதிரித் தெரியும்

அடைக்கோழிக்கு கரண்ட் வேண்டாம், தெர்மாமீட்டர் வேண்டாம், முட்டையைத் திருப்ப ஆள் வேண்டாம். நல்ல முட்டையாக இருந்தால் பத்துக்கு எட்டு ஒன்பது குஞ்சு சர்வசாதாரணமாக வரும். அதைவிடப் பெரிய லாபம் 21ஆம் நாளுக்குப் பிறகுதான். குஞ்சுக்குச் சூடு கொடுக்க, மேயக் கற்றுக்கொடுக்க, காக்கையையும் பருந்தையும் விரட்ட தாய்க்கோழி இருக்கிறது. எந்திரத்தில் பொரித்தால் அந்த வேலை முழுதும் நம் தலையில் விழும்.

ஆனால் இது இலவசம் இல்லை. நாட்டுக்கோழி ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை இட்டு அடைக்கு உட்காரும். 21 நாள் அடை, பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் குஞ்சோடு அலைச்சல். ஆகக் கிட்டத்தட்ட மூன்று மாதம் முட்டை கிடையாது. அடை தெளிய வைத்தால் அதே கோழி இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும். ஆக ஒரு கோழியை அடை வைத்துக் குஞ்சோடு விடும்போது இரண்டு சுற்று முட்டையாவது போகிறது, 25 முட்டை என்று வையுங்கள். உங்கள் ஊரில் நாட்டு முட்டை 15 ரூபாய் என்றால் அந்தக் கோழியின் கூலி 375 ரூபாய். பத்துக் குஞ்சு வந்தால் குஞ்சுக்கு 37 ரூபாய் சொச்சம். இரண்டு மூன்று கோழி வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு உறுத்தாது. முப்பது பெட்டை வைத்து முட்டை விற்பவருக்கு உறுத்தும்.

எல்லாக் கோழியும் அடைக்கு உட்காராது என்பது அடுத்த சிக்கல். சிறுவிடை, அசில் ரகங்கள் ஒழுங்காக உட்காரும். வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய ரகங்களில் அந்தக் குணம் பெரும்பாலும் போய்விட்டது. கருங்கோழியை (கடக்நாத்) நம்பி முட்டை சேர்க்கவும் முடியாது. வேண்டிய நேரத்தில் அடைக்கோழி கிடைக்காது என்பதுதான் பலரை எந்திரம் பக்கம் தள்ளுகிறது.

அடை வைப்பதிலும் நுணுக்கம் உண்டு. அகலமான மூங்கில் கூடையில் மூன்று அங்குலம் காய்ந்த மணல், அதன் மேல் வைக்கோல், நடுவில் லேசான குழி. சிறுவிடைக்குப் பத்து முட்டை, பெரிய கோழிக்குப் பன்னிரண்டு. ஆசைப்பட்டுப் பதினெட்டு வைத்தால் ஓரத்து முட்டை ஆறும், கோழி உருட்டும்போது ஓரத்து முட்டை உள்ளே வரும், உள்ளே இருந்தது ஓரத்துக்குப் போகும், கடைசியில் எல்லா முட்டையும் கொஞ்சம் கொஞ்சம் கெடும். எல்லா முட்டையையும் ஒரே நாளில் வையுங்கள். மற்ற பெட்டைகள் அதே கூடையில் வந்து முட்டையிட்டால் நாள் கலந்துபோகும். முதல் குஞ்சு வந்ததும் தாய் எழுந்து போய்விடும், மிச்ச முட்டை பாதியில் நிற்கும். முதல் நாளே பென்சிலால் குறி போட்டுவிட்டால் புதிதாக வந்ததை எடுத்துவிடலாம்.

கூடையில் கரித்துண்டு, காய்ந்த மிளகாய், இரும்பு ஆணி போடுவது இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க என்பார்கள். போட்டால் நஷ்டமில்லை, போடாவிட்டாலும் பொரிக்கும். போட்டே ஆக வேண்டியது செள்ளுக்கு மருந்து. அடைக்கோழி பாதியில் எழுந்து ஓடுவதற்கு முதல் காரணம் கோழிச்செள்தான். ராத்திரியில் ஏறி ரத்தம் குடிக்கும், கோழி பொறுக்க முடியாமல் கூடையை விட்டு இறங்கி நிற்கும். அடை வைப்பதற்கு இரண்டு நாள் முன்பே கோழிக்கும் கூடைக்கும் மருந்து போட்டு, வைக்கோலைப் புதிதாக மாற்றி, வேப்பிலையை மணலோடு கலந்து விடுங்கள். கோழி நாளுக்கு ஒரு முறை பதினைந்து இருபது நிமிடம் எழுந்து தின்று, குடித்து, எச்சமிட்டு வரும். தீனியும் தண்ணீரும் கூடைக்கு நாலடி தள்ளி இருந்தால் போதும். எழுந்திருக்கவே மாட்டேன் என்கிற கோழியைக் கையால் தூக்கி வெளியே விட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வாரத்தில் எலும்பும் தோலுமாகிவிடும்.

பல்புப் பெட்டி: செலவு குறைவு, கவனம் அதிகம்

மீன் அல்லது பழம் வரும் கனமான தெர்மோகோல் பெட்டி, சுவர் ஒரு அங்குலமாவது தடிமன். 40 வாட் குண்டு பல்பு இரண்டு. ஒன்று போதும்தான், ஆனால் நடு ராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது தாங்கும். எல்இடி பல்பு சூடு தராது. பல்புக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே நான்கு அங்குலம் இடைவெளி வேண்டும், குஞ்சு போய் ஒட்டாமலிருக்கச் சுற்றிலும் கம்பி வலை. கணினிக்குள் இருக்கும் 12 வோல்ட் விசிறி ஒன்று, அதற்கு அடாப்டர். விசிறியைத் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்து பல்பை எரியவும் அணையவும் வைக்கும் கருவி) வழியாக இணைக்கவே கூடாது, அது நிற்காமல் ஓட வேண்டும். கீழே தண்ணீர்த் தட்டு, அதற்கு மேலே வலை, வலை மேல் முட்டை. காற்றுக்கு விரல் நுழைகிற துளை கீழே இரண்டு, மேலே இரண்டு.

தெர்மோஸ்டாட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். மலிவாகக் கிடைக்கும் டபிள்யூ 1209 பலகை 12 வோல்ட்டில் ஓடும். வாங்கிய நிலையில் அதன் பி1 அமைப்பு 2 டிகிரியில் இருக்கும். அதாவது 37.5 என்று வைத்தால் சூடு 2 டிகிரி இறங்கிய பிறகுதான் பல்பு மறுபடி எரியும். பெட்டிக்குள் சூடு ஏறி இறங்கி ஊஞ்சலாடும், எண்ணைப் பார்த்தவர் சரியாகத்தான் வைத்தோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். பி1-ஐ 0.2க்குக் குறையுங்கள். எஸ்டிசி-1000 நேரே வீட்டு கரண்டில் ஓடும், அதில் எஃப்2 என்ற அமைப்பை 0.3 வரை குறைக்கலாம். இரண்டிலும் பல்பை எரிய, அணைய வைக்கும் ரிலே என்ற சுவிட்ச் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒட்டிக்கொண்டால் பல்பு அணையாது, ஒரு மணி நேரத்தில் மொத்த முட்டையும் வெந்துவிடும். நூறு முட்டைக்கு மேல் வைப்பவர்கள் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை முதலாவதோடு வரிசையாக இணைத்து 38.5இல் வைத்துவிட்டால், முதலாவது ஒட்டினாலும் இரண்டாவது துண்டிக்கும். இதற்கு ஆகிற செலவு ஒரு தட்டு முட்டை விலைகூட வராது.

விசிறி இருந்தால் 37.5 டிகிரி. விசிறி இல்லாத பெட்டியில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. அங்கே முட்டையின் மேல்மட்டத்தில் 38.6 முதல் 39 வரை காட்ட வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் விசிறி உள்ள பெட்டியில் 39 வைத்தால் கரு சாகும், விசிறி இல்லாத பெட்டியில் 37.5 வைத்தால் குஞ்சு 23ஆம் நாள் தள்ளாடி வரும். விசிறி போடுங்கள், இந்தத் தலைவலியே வேண்டாம்.

சென்சார் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். சோதிக்க வீட்டிலேயே நல்ல கருவி இருக்கிறது: காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். அது 37 டிகிரியை ஒட்டித்தான் மிகத் துல்லியம், நமக்கு வேண்டியதும் அந்த இடம்தான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரமானிக்கு உப்புச் சோதனை: மூடியில் சமையல் உப்பை லேசாக நனைத்து, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஒரு இரவு விட்டால் 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் அது எப்போதும் 7 குறைத்துக் காட்டும் கருவி என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தலாம்.

முட்டை வைக்காமல் ஒரு நாள் முழுக்கப் பெட்டியை ஓடவிட்டு நான்கு மூலையிலும் சூடு பாருங்கள். மூலைக்கு மூலை அரை டிகிரிக்குமேல் வித்தியாசம் இருந்தால் விசிறியின் திசையை மாற்ற வேண்டும்.

பிறகு திருப்பும் வேலை. ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை. ஒற்றைப்படை ஏனென்றால் நீண்ட இரவு ஒவ்வொரு நாளும் ஒரே பக்கத்துக்கு வராமல் மாறும். முதல் வாரத்தில் திருப்பாமல் விட்டால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்த வேண்டும். காலையில் வேலைக்குப் போய் இரவில் வருகிறவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் பல்புப் பெட்டி தோற்கும் இடம் இதுதான்.

தானியங்கி எந்திரம்: எதைப் பார்த்து வாங்குவது

திருப்புவதை மோட்டார் பார்த்துக்கொள்ளும், மணிக்கோ இரண்டு மணிக்கோ ஒரு முறை. அதற்காகத்தான் காசு; சூட்டைப் பொறுத்தவரை ஒழுங்காகக் கட்டிய பல்புப் பெட்டிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் எந்திரங்களின் திரை அரை டிகிரி, ஒரு டிகிரி தவறாகக் காட்டுவது சகஜம். அதே காய்ச்சல் தெர்மாமீட்டர் சோதனையை இங்கேயும் செய்யுங்கள்.

வாங்கும் முன் தட்டைப் பாருங்கள். பெரும்பாலான தட்டுகள் 55, 60 கிராம் முட்டைக்குச் செய்தவை. நம் நாட்டு முட்டை 40, 45 கிராம்தான். சாய்ந்து திருப்பும் தட்டில் சிறிய முட்டை குழிக்குள் ஆடும், உருளை வகையில் இரண்டு உருளைக்கு நடுவே இறங்கிச் சுற்றாமலே கிடக்கும். உங்கள் வீட்டு முட்டை நாலைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அடுத்தது 12 வோல்ட் இணைப்பு. பேட்டரியில் நேரடியாக ஓடும் எந்திரம் கரண்ட் போகும் ஊரில் பெரிய நிம்மதி: 80 வாட் எந்திரம் பாதி நேரம்தான் சூடேற்றும் என்பதால் சராசரியாக மூன்றரை ஆம்பியர் இழுக்கும், 100 ஏஎச் பேட்டரியில் பாதியைச் செலவழித்தாலும் 14 மணி நேரம் ஓடும். மூன்றாவது, உதிரிபாகம். திருப்பும் மோட்டார் போனால் அந்த ஊரிலேயே மாற்றித் தருவாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். உள்ளூரில் பலகையில் அடித்துச் செய்யும் அலமாரி வகை எந்திரங்கள் அழகாக இருக்காது, ஆனால் பாகம் எல்லாம் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும்.

கரண்ட் செலவை யாரும் பெரிதாக நினைக்க வேண்டாம். சராசரி 30 வாட் என்றால் நாளுக்கு 0.72 யூனிட், 21 நாளுக்கு 15 யூனிட். ஐம்பது முட்டைக்கு அது ஒன்றுமே இல்லை.

தானியங்கியில் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் வேறு. வாரம் ஒரு தட்டு முட்டை சேர்க்கிறார்கள். முதல் தட்டு 18ஆம் நாளைத் தொடும்போது அதற்கு ஈரம் 65 முதல் 70 சதவீதம் வேண்டும், திருப்பக் கூடாது. இரண்டாவது தட்டுக்கு ஈரம் 50 போதும், திருப்பியே ஆக வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டும் நடக்காது. பொரியும்போது பறக்கும் தூசியும் ஓட்டுக் கழிவும் மற்ற முட்டைக்குக் கிருமியையும் கொண்டுபோகும். அதனால் தானியங்கி வாங்குகிறவர் பல்புப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். 18 நாள் தானியங்கியில், கடைசி மூன்று நாள் பல்புப் பெட்டியில். வாராவாரம் குஞ்சு வேண்டும் என்றால் இந்த ஜோடிதான் குறைந்த செலவில் சரியாக வரும்.

ஈரம்: ஊரைப் பொறுத்தது

எந்திரத்தோடு வரும் தாளில் முதல் நாளே தண்ணீர் ஊற்று என்று இருக்கும். எல்லா ஊருக்கும் அது பொருந்தாது. சென்னையில் 30 டிகிரியில் 75 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்று பெட்டிக்குள் போய் 37.5க்குச் சூடானால் ஈரம் தானாகவே 49 சதவீதத்துக்கு வந்து நிற்கும். முதல் 18 நாளுக்கு வேண்டியதே 50 முதல் 55 தான். அங்கே இரண்டு தட்டிலும் தண்ணீர் நிரப்பினால் முட்டையிலிருந்து ஆவியாக வேண்டிய நீர் ஆவியாகாது, முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறை சிறுத்துப்போகும், முழுதாக வளர்ந்த குஞ்சு 20ஆம் நாள் உள்ளேயே திணறிச் சாகும். கரூரில் கோடைப் பகலில் 36 டிகிரி, 35 சதவீதம் என்றால் உள்ளே 32தான் வரும். அங்கே தட்டு நிறையத் தண்ணீர் வேண்டும். ஊட்டிக் குளிரில் வெளியே 80 சதவீத ஈரம் காட்டினாலும், 15 டிகிரிக் காற்று சூடானதும் உள்ளே 21க்கு இறங்கிவிடும். பனிமூட்டத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் முட்டை வறண்டுபோகும்.

ஈரமானியைவிட நம்பகமானது தராசு. பத்து முட்டையைச் சேர்த்து நிறுத்தால் 450 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 18ஆம் நாள் 12 சதவீதம் குறைந்து 396 கிராம் இருக்க வேண்டும். ஒன்பதாம் நாள் 423. ஒன்பதாம் நாள் 435 இருந்தால் ஈரம் கூடுதல், தண்ணீரை எடுத்துவிட்டு துளையைத் திறங்கள். 412 இருந்தால் தண்ணீர்ப் பரப்பைக் கூட்டுங்கள். பரப்புதான் முக்கியம், ஆழம் அல்ல: ஆழமான டம்ளரைவிட அகலமான தட்டு வேகமாக ஈரம் தரும். அவசரத்துக்கு ஒரு பழைய பஞ்சுத் துண்டை நனைத்துப் போட்டாலும் ஏறும்.

அடைக்கோழியில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை என்பது அதன் பக்கம் விழும் பெரிய மதிப்பெண்.

கரண்ட் போனால், வெயில் ஏறினால்

கரண்ட் போவதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கரு குளிரை ஓரளவு தாங்கும். இரண்டு மணி நேரம் போனால் ஒன்றும் ஆகாது. நான்கைந்து மணி நேரம் போனால் பொரிப்பது சற்றுத் தள்ளிப்போகும். பெட்டியைத் திறக்காமல் மேலே போர்வையைப் போடுங்கள், நீளும்போல் தெரிந்தால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே ஓரமாக வையுங்கள். கடைசி வாரத்தில் மட்டும் துளைகளை மூடாதீர்கள், அப்போது முட்டையே சூடு விடும், காற்றும் அதிகம் கேட்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது சூட்டுக்கு. இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரைக்குக் கீழே அறை 39க்குப் போனால் பல்பு எரியாமலே முட்டை 39இல் இருக்கும். 39.5ஐத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் பல கருக்கள் போய்விடும். பிழைத்தவையும் தொப்புள் மூடாமல் நேரத்துக்கு முன்பே வரும். வேலூர், திருத்தணி, கரூர் பக்கம் மே மாதத்தில் அறையை 32க்குக் கீழே வைக்க வழியில்லை என்றால் அந்த மாதம் எந்திரத்தை ஓட்டாமல் விடுவதே மேல். தரைத்தள அறை, வடக்குச் சுவர், ஜன்னலுக்கு ஈரக் கோணி என்று பார்த்துச் செய்யலாம். கூடையை மர நிழலுக்கு மாற்றும் வசதி அடைக்கோழிக்கு உண்டு.

பொரிக்கக் கொடுப்பதும் குஞ்சாக வாங்குவதும்

நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் முட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு பொரித்துத் தரும் பொரிப்பகங்கள் உண்டு. ஐந்தாறு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க முடியும் என்றால், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் நூறு முட்டை பொரிக்கிறவருக்கு எந்திரம் வாங்குவதைவிட இது லாபம். பைக்கில் குலுங்கிப் போன முட்டையை ஒரு நாள் அசையாமல் வைத்துப் பிறகு ஏற்றச் சொல்லுங்கள், காற்றறை பிரிந்திருந்தால் நிலைக்கு வரும். உங்கள் முட்டை தனித் தட்டில் குறியோடு போகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் வீட்டு சிறுவிடை முட்டை கொடுத்து யாருடையதோ குஞ்சு வாங்கி வருவீர்கள்.

ஒரு நாள் குஞ்சாகவே வாங்குவதில் ஒரு வசதி உண்டு: பெரிய பொரிப்பகங்களில் முதல் நாளே மேரக்ஸ் என்ற கோழி நோய்க்குத் தடுப்பூசி போட்டுவிடுவார்கள். அந்த மருந்து ஆயிரம் டோஸ் குப்பியில்தான் பெரும்பாலும் வருகிறது, வீட்டில் இருபது குஞ்சுக்கு வாங்கிப் போடுவது நடக்காத காரியம். வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் கண்ணில் விடும் சொட்டு மருந்து எப்படிப் பொரித்த குஞ்சுக்கும் போட்டே ஆக வேண்டும்.

வேறு பறவை முட்டை என்றால்

ஜப்பானியக் காடை 17, 18 நாளில் பொரிக்கும், அடைக்கு உட்காராது, அதற்கு எந்திரம்தான். வாத்து 28 நாள். கோழியை வைத்துப் பொரிக்கலாம், ஆனால் ஒரு வாரம் கூடுதலாக உட்கார வேண்டியிருப்பதால் புதிதாக அடைக்கு வந்த கோழியாகப் பாருங்கள். மணிலா வாத்து 35 நாள், தானே நன்றாக அடை காக்கும். வான்கோழி 28 நாள், கினிக்கோழி 26 முதல் 28. தோட்டத்தில் மயில் முட்டை கிடந்தால் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் மயில் இருக்கிறது, முட்டையை எடுப்பதே குற்றம்.

பொரியாத முட்டையை உடைத்துப் பாருங்கள்

எந்த முறையில் வைத்தாலும் பொரியாமல் நின்ற முட்டையைத் தூக்கி எறியும் முன் உடைத்துப் பார்த்தால் அடுத்த முறைக்கான பாடம் உள்ளே இருக்கும். தெளிவாக மஞ்சள் கரு மட்டும் இருந்தால் சேவல் பக்கம் பாருங்கள். ரத்த வளையம் என்றால் சேமிப்பு அல்லது முதல் வாரச் சூடு. முழுக் குஞ்சு, சுற்றிலும் நீர் கோத்திருந்தால் 18 நாளும் ஈரம் கூடுதல். ஓட்டைக் கொத்தி, சவ்வு காய்ந்து ஒட்டி, அங்கேயே செத்திருந்தால் கடைசி மூன்று நாளில் ஈரம் போதவில்லை. அதற்கு முக்கியக் காரணம் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதுதான். ஓட்டில் முதல் கொத்து விழுந்ததிலிருந்து வெளியே வரப் பதினெட்டு மணி நேரம் ஆவது இயல்பு, சில குஞ்சு ஒரு நாள்கூட எடுக்கும். இடையில் நாம் ஓட்டை உரித்தால் சவ்விலுள்ள ரத்தக் குழாய் கிழிந்து ரத்தம் கசியும். வந்த குஞ்சு இரண்டு நாள் வரை வயிற்றிலுள்ள மஞ்சள் கருவில் தாங்கும், தீனிக்காக மூடியைத் திறக்க வேண்டியதில்லை. பொரிக்கும் தட்டில் வழுக்கும் செய்தித்தாள் வேண்டாம், கால் அகண்டு போய்விடும். சொரசொரப்பான துணியோ கோணியோ போடுங்கள். எல்லாக் குஞ்சும் 19, 20ஆம் நாளே வந்தால் சூடு அதிகம், 22, 23க்குத் தள்ளினால் சூடு குறைவு.

யாருக்கு எது

ஐந்தாறு பெட்டை, வீட்டுக்குத் தேவையான குஞ்சு மட்டும் என்றால் எந்திரமே வேண்டாம். அடைக்கோழியும் செள் மருந்தும் போதும். பத்து முதல் இருபது பெட்டை, பகலில் வீட்டில் ஆள் உண்டு, கைவேலையில் விருப்பம் உண்டு என்றால் பல்புப் பெட்டி. அதே எண்ணிக்கை, ஆனால் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள் என்றால் 12 வோல்ட் இணைப்புள்ள சிறிய தானியங்கி. வாராவாரம் குஞ்சு விற்கப்போகிறீர்கள் என்றால் தானியங்கியோடு பொரிக்கத் தனிப் பெட்டி. இதில் குஞ்சுக்கான சூட்டுப் பெட்டிச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்: முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்து, நான்கு வாரமாவது பல்பு எரிய வேண்டும்.

பத்திலிருந்து முப்பது பெட்டை வரை வைத்திருப்பவருக்கு எங்கள் தேர்வு இரண்டையும் கலப்பதுதான். முட்டையை எந்திரத்தில் வையுங்கள். அதே வாரத்தில் அடைக்கு வந்த கோழிகளில் நிதானமான ஒன்றை மட்டும் கூழாங்கல்லோ கூமுட்டையோ வைத்து உட்கார விட்டு, மற்றவற்றைத் தெளிய வைத்து முட்டைக்குத் திருப்புங்கள். எந்திரத்தில் குஞ்சு வந்து உடம்பு காய்ந்த அன்று இரவு, நன்றாக இருட்டிய பிறகு, கல்லை எடுத்துவிட்டு இரண்டிரண்டு குஞ்சாகக் கோழியின் வயிற்றுக்குக் கீழே பின்பக்கமிருந்து தள்ளுங்கள். வெளிச்சம் அடிக்காதீர்கள். இரண்டு வாரமாவது அடை உட்கார்ந்த கோழி பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும், வெயில் காலத்தில் பதினைந்து குஞ்சு வரை அணைக்கும். விடியும் முன் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். குரல் கொடுத்துத் தீனியைக் கிளறிக் காட்டினால் விட்டுவிடலாம். குஞ்சின் தலையைக் கொத்தினால் உடனே பிரித்துச் சூட்டுப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள், இரண்டாம் இரவு முயற்சி வேண்டாம்.